கேட்டா காட்டலாம்

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். யாழினியின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. வெள்ளைச் சட்டை கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தையின் வெள்ளைச் சட்டை பத்து நிமிஷம்கூட வெள்ளையாக இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை டீச்சரிடம் போய்ச் சொல்கிற ஆள் நான் இல்லை.

சட்டையை எடுத்து, பில் போட்டு, வாசலுக்கு வந்தோம். அங்கே சீருடையில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். பில்லைப் பார்த்து ஒரு ஓட்டை போடுவது மட்டும்தான் அவர் வேலை. யாழினி எனக்கு முன்னால் ஓடி அவர் எதிரே நின்றாள். முதுகிலிருந்த வாத்துப் படம் போட்ட குட்டிப் பையைக் கழற்றி ஜிப்பைத் திறந்தாள். உள்ளே இருந்த பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினாள். அப்புறம் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"இன்னா பாப்பா, ஏரோப்ளேன் ஓட்டுறியா?" என்று அவர் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். என் கணவர் போனை எடுத்து, "இன்னொரு வாட்டி பண்ணு கண்ணு, அப்பா வீடியோ எடுக்கறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் ஜிப், அடுத்து டப்பா மூடி, கடைசியில் கைகள். அந்த வரிசை எனக்குத் தெரியும். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். "அவ எங்கங்க கத்துக்கிட்டா அத?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "உங்கிட்ட இருந்துதான். நீ எந்தக் கடைக்குப் போனாலும் வெளிய வரும்போது பையத் தொறந்து காட்டுற. கைய மட்டும் முழுசா தூக்க மாட்ட, பாதி தூக்குவ. உனக்கே தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கேஸ் வால்வை மூடினேனா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறவள் நான். பள்ளி வேன் ஐந்து நிமிஷம் தாமதமானால் டிரைவருக்கும் டீச்சருக்கும் மாறி மாறி போன் செய்கிறவள். பயப்படுவதில் எனக்குத் தெரியாத மூலை எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இது ஒன்று என் கையிலேயே ஒளிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு அந்தப் புதுச் சட்டையை மடிக்கும்போது கஞ்சி போட்ட துணியின் வாசனை வந்தது. அதை முகர்ந்தபோது எனக்கு வேறொரு வாசனை ஞாபகம் வந்தது. சொல்யூஷன் வாசனை. ஷூவின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டுகிற பசைக்கு எங்கள் கம்பெனியில் அதுதான் பெயர். ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வேறு ஊர்க்காரராக இருந்தால், பெட்ரோலையும் புதுத் தோலையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் திறந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன் ஆம்பூர் நெடுஞ்சாலையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தேன். டிகிரி முடித்திருந்ததால் தையல் மிஷினில் உட்கார வைக்கவில்லை. பேக்கிங் ஆபீஸில் அட்டைப்பெட்டிக்கு உள்ளே இருக்கிற சைஸும் வெளியே ஒட்டுகிற சைஸும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற வேலை. என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. சரிபார்த்ததையே திரும்பச் சரிபார்த்துக்கொண்டு இருப்பேன்.

சாயந்திரம் சங்கு ஊதியதும் பெண்கள் எல்லாரும் கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும். தோல் துண்டோ நாடாவோ வெளியே போய்விடக் கூடாது என்று சோதனை. பையைத் திறக்க வேண்டும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வேண்டும், கைகளை நீட்ட வேண்டும். சோதிக்கிறவர் பிலோமினாக்கா. இடுப்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாமா, பாதி சோறு அப்படியே கீது? உங்கம்மா பாத்தா அழுவும்" என்பார். ஆபீஸ் பெண்களுக்கும் விலக்கு இல்லை. எங்களுக்குள் வேலை முடிந்து கிளம்புவதற்கே 'காட்டுறது' என்றுதான் பெயர். "மணி ஆச்சு, காட்டலாமா?" என்று கேட்டால் வீட்டுக்குப் போகலாமா என்று அர்த்தம். "அவ அப்பவே காட்டிட்டு போய்ட்டாளே" என்றால் ஆள் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கேதான் எனக்கு நசீமா தோழியானாள். வாணியம்பாடிக்காரி. அதே பேக்கிங் ஆபீஸில் எனக்கு எதிர் மேஜை. வீட்டில் உருது, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நான் எதற்கெல்லாம் பயப்படுவேனோ அதற்கெல்லாம் அவள் சிரிப்பாள். அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கும் தைரியம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் பயந்தேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். "பெங்களூர்ல எங்க காலா கீறாங்க. ரெண்டாவது சனிக்கிழமை போவோம். ஒரு சாயங்காலம் பெரிய எடத்துல எல்லாம் சுத்துவோம். ராத்திரி காலா வூட்ல தூக்கம். ஞாயித்துக்கிழமை ரயில்." காலா என்றால் அவர்கள் வீட்டு வழக்கில் அம்மாவின் தங்கை.

"அங்க தண்ணி பாட்டில் வெலையக் கேட்டாலே தலை சுத்தும்பாங்களே."

"உள்ள போறதுக்கு எவனும் காசு கேக்க மாட்டான்டி. சாப்ட்டாதான் காசு. நம்ம சாப்ட்டுட்டு போவோம்."

இதுதான் நசீமாவின் மொத்தத் திட்டம். இன்றைக்கு யோசித்தாலும் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அப்பாவிடம் கேட்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அவர் வேர்க்கடலைச் செடியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் நின்று கேட்டேன். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்த நேரம். அவர் நிமிராமலே கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"போ. ஆனா ஒம்போது மணிக்கு நான் போன் பண்ணுவேன். உன் போனுக்கு இல்ல, அத நீ எங்க நின்னு வேணா எடுப்ப. நீங்க தங்கப்போற வூட்டு அந்தம்மா போனுக்கு. அந்தம்மா எடுத்து உன் கைல குடுக்கணும். இல்லன்னா திங்கக்கிழமையில இருந்து கம்பெனி பஸ் நம்ம முனையில சும்மா நின்னுட்டு போவட்டும்."

அவர் சொன்னால் செய்கிறவர். வேலை நின்றால் அடுத்தது என்ன என்றும் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வருவதாக ஏற்கனவே ஒரு பேச்சு இருந்தது. அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, யாருக்கும் எதுவும் செய்யாமல், மலையைப் பார்த்துக்கொண்டு போகிற அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது. ஒன்பது மணி என்கிற அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

ஆம்பூர் என்றதும் பிரியாணி கொண்டு போயிருப்போம் என்று நினைப்பீர்கள். நாங்கள் கொண்டு போனது அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. காலா வீட்டில் பையை வைத்துவிட்டு, மத்தியானம் அவர் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் இறங்கியதும் கிளம்பினோம். சிவாஜிநகரிலிருந்து டவுன் பஸ். ஒரு பூங்காவில் உட்கார்ந்து, இருட்டுவதற்கு முன்பே ராத்திரிச் சாப்பாட்டை முடித்தோம். எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்தார். இங்கே சாப்பிடக் கூடாதோ என்று நான் டப்பாவை மூடினேன். அந்த அம்மாள் பார்த்தது என்னை இல்லை, எங்கள் புளிச்சோற்று வேர்க்கடலைக்காக வந்து நின்ற அணிலை.

"வவுறு ரொம்பிச்சா? இனிமே எவன் எவ்ளோ வெல போட்டு வெச்சாலும் நமக்கு இன்னா?" என்று நசீமா எழுந்து நின்று புடவையைத் தட்டினாள்.

எனக்கு இன்னொரு பயம் காலையிலிருந்தே இருந்தது. நம்மிடம் கம்பெனி வாசனை அடிக்குமோ? சீயக்காய் போட்டு இரண்டு தடவை தலைக்குக் குளித்திருந்தேன். ஆனால் சொல்யூஷன் வாசனை முடியில் ஏறினால் அப்படி லேசில் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சியபோது எனக்கு உயிர் போயிற்று. அவளுக்குச் சளி. அதை நசீமாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

முதலில் ஒரு காப்பிக் கடை. இரண்டு பேருக்கு ஒரு காப்பி என்று முடிவு. கவுண்டரில் இருந்த பையன் பெரிய கோப்பையையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு, "நேம் மேடம்?" என்றான். எங்கள் கம்பெனியில் யாராவது பேனாவோடு பேர் கேட்டால் மெமோ கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் நிமிர்ந்து நின்று இனிஷியலோடு பேரைச் சொல்லி, பேக்கிங் என்று டிபார்ட்மெண்டைச் சொல்லி, டோக்கன் நம்பரையும் சொல்லிவிட்டேன். அவன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். நசீமா பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பேர் எழுதுவது, காப்பி தயாரானதும் கூப்பிட்டுக் கொடுப்பதற்காம்.

காப்பி கசந்தது. மேஜையில் சர்க்கரைப் பொட்டலங்கள் சும்மா வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டது போக மீதியை நசீமா அள்ளி என் பைக்குள் போட்டாள்.

"அடியே, வேணாம்டி."

"காப்பிக்கு சேத்துதான் காசு வாங்கிக்கீறான். நம்ம பங்குடி இது. கம்மியாதான் எடுத்துக்கீறேன்."

பிறகு பக்கத்தில் ஒரு மால். அங்கே கண்ணாடி லிஃப்டில் மேலே போய், கீழே வந்து, திரும்பவும் மேலே போனோம். அதற்குக் காசு இல்லை. கைகழுவும் இடத்தில் சுடுகாற்று வரும் பெட்டிக்கு அடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றோம். அதற்கும் இல்லை. வாசனைத் திரவியக் கடையில் பார்ப்பதற்கென்று வைத்திருந்த பாட்டில்களை நசீமா ஒவ்வொன்றாக என் மணிக்கட்டில், கழுத்தில், தலையில் அடித்தாள். "இப்ப இன்னா வாசனை அடிக்குது உங்கிட்ட?" என்றாள். ஐந்தாறு கல்யாண வீடு ஒரே தெருவில் நடந்தது போல இருந்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம், நான் சொன்னால் நம்புங்கள், எனக்குப் பயம் மறந்து போயிற்று. மேல்மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தபோது, மனிதர்கள் எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கும் நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. அது அவ்வளவு இலேசாக இருந்தது.

மறந்ததுதான் தப்பு என்று அப்புறம் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. சந்தோஷமாக இருந்தால் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று என் மனது உடனே தேட ஆரம்பித்துவிடும்.

கடைசியாக ஒரு ஷூ கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர்காற்றோடு அந்த வாசனை வந்தது. புதுத் தோல், சொல்யூஷன், அட்டைப்பெட்டி. எங்கள் பேக்கிங் ஹாலேதான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நசீமா மூக்கை இழுத்துவிட்டுச் சொன்னாள். "பாத்தியாடி? நம்ம நாத்தத்துக்கு ஏசி போட்டு வெச்சிருக்கான்."

அங்கே எல்லாரும் அந்த வாசனையை ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் அதை மறைக்கத்தான் ஒரு கடையின் பாட்டில்களையெல்லாம் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஷூக்களைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், எடுத்த இடத்திலேயே வைத்தோம். சுவரில் இருந்த கடிகாரம் எட்டைத் தாண்டியிருந்தது. "போலாம்டி, அப்பா போன்" என்றேன். நசீமா முன்னால் போய்விட்டாள். நான் பின்னால் வந்தேன்.

வாசலில் காவலாளி நின்றிருந்தார். தோல் வாசனை, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம், வெளியே போகிற கேட், சீருடை. என் கைகள் என்னைக் கேட்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தேன். புளிச்சோற்று டப்பாவை வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். வடக்கத்தி ஆள். "க்யா ஹுவா மேடம்?" என்றார், என்ன ஆச்சு என்று. பிறகு திறந்த பைக்குள் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார்.

கடைப் பெண் ஒருத்தி வந்தாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, அவளுக்குத் தமிழ் தெரிந்தது. "எதுக்கு மேடம் பையைத் தொறக்குறீங்க? ஏதாவது எடுத்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். என் வாயிலிருந்து அது வரவில்லை. "சர்க்கரை" என்றேன்.

"என்னது?"

"சர்க்கரை. காப்பிக் கடையில. அஞ்சாறுதான் இருக்கும்."

அவர்கள் என் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார்கள். சர்க்கரைப் பொட்டலங்கள், டிஷ்யூ பேப்பர், சீப்பு, அம்மா கொடுத்துவிட்ட திருநீறு. எதிரே பாலிஷ் டப்பாக்களும் நாடாக்களும் அடுக்கியிருந்த இடத்தில் ஒருத்தி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் வரட்டும் என்று சொன்னார்கள். ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலில் ஷூவோடு என்னைப் பார்த்தார்கள். என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. முள் நகர நகர, கம்பெனி பஸ் எங்கள் முனையில் சும்மா நின்றுவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. ஜன்னல் ஓர சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஆளைக் காணோமே என்று நசீமா திரும்பி வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்குமே புரிந்திருக்காது.

காவலாளியிடம் உருதுவில் ஏதோ வேகமாகச் சொன்னாள். பிறகு கடைப் பெண்ணிடம் திரும்பினாள். "நாங்க ஷூ கம்பெனி. தெனமும் கேட்ல இப்படித்தான் காட்டிட்டு வூட்டுக்குப் போவோம். கை பழகிப் போச்சு. அவ காட்டுனா. நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலை, ஆனா..."

"எதனா காணமா?"

எண்ணிக்கொண்டிருந்தவள் இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் மேனேஜர் வந்தார். கேட்டுவிட்டு, என் விரித்த கைகள் இன்னும் முழுக்க இறங்காமல் இருந்ததைப் பார்த்தார். "தினமுமா?" என்றார். ஆமாம் என்றேன். சர்க்கரைப் பொட்டலங்களை அவரே எடுத்து என் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அழுகை வந்திருக்காது.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. பஸ்ஸுக்கு நின்றால் முடியாது. ஆட்டோக்காரர் கேட்ட தொகை, கடைசியில் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று நாங்கள் பத்திரமாக வைத்திருந்ததை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. ஆட்டோ சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. நான் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போச்சு நசீமா, வேலை போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நசீமா என் கையைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அடியே. கேட்டா காட்டலாம்டி. கேக்காமயே இன்னாத்துக்குக் கையத் தூக்குற?"

"பழக்கம்டி."

"பழக்கமா? எவ்ளோ பேஜாரு பண்ணிட்ட. சர்க்கரையாம் சர்க்கரை!" என்று ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்.

காலா வீட்டு மாடிப்படியில் ஏறும்போது ஒன்பது தாண்டியிருந்தது. காலா கதவைத் திறந்தார். அவர் முகத்தையே பார்த்தேன். "எங்க அப்பா..."

"அப்பாவா? போன் எதுவும் வரலியேம்மா. நனஞ்சிட்டீங்களே, தொடச்சிக்குங்க."

அவர் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நசீமா காலா போட்டதைத் திரும்பவும் சாப்பிட்டாள், தூங்கினாள். போன் அடிக்கவே இல்லை. ஒருவேளை நான் வருவதற்கு முன்பே அடித்து, காலாவுக்குக் கேட்காமல் போயிருக்குமோ? அப்பா கோபத்தில் வேண்டுமென்றே அடிக்காமல் இருக்கிறாரோ? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதோ? இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக யோசித்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போனேன்.

மறுநாள் ஊருக்குப் போனதும் அப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். நானே கேட்டேன். "போனே பண்ணலியேப்பா?"

"எட்டரைக்கு மூணு பேஸ் கரென்ட் வந்துச்சு. அத வுட்டா ரெண்டு நாள் ஆவும். தண்ணி பாய்ச்சப் போய்ட்டேன்" என்றார். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "அந்த வாணியம்பாடிப் பொண்ணு கூடத்தானே போன. இன்னா பயம்?" என்றும் சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதோடு லேசாகக் கோபமும் வந்தது. அந்தச் சாயந்திரம் முழுவதும் பயந்தவள் நான் ஒருத்திதானா?

திங்கட்கிழமை சாயந்திரம் கேட்டில் நசீமா எனக்கு முன்னால் நின்றாள். பிலோமினாக்காவின் எதிரே போய், பையை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றாள். வரிசை நின்றுவிட்டது. பின்னால் தையல் செக்‌ஷன் பெண்கள், "இன்னா ஆச்சு, பஸ்ஸு போய்டும்" என்று சத்தம் போட்டார்கள். பிலோமினாக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி நிக்கிற? காட்டு."

"இப்ப கேட்டீங்க இல்ல, காட்டுறேன்" என்று நசீமா ஜிப்பைத் திறந்தாள்.

"பெங்களூரு காத்து பட்டுடுச்சா? கொழுப்பு ஜாஸ்தியாச்சு உனக்கு" என்று பிலோமினாக்கா அவள் இடுப்பில் வழக்கத்தைவிடப் பலமாகவே தட்டினார். வரிசை முழுக்கச் சிரித்தது. நசீமா திரும்பி, இப்போது நீ என்பது போல என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் பையையும் டப்பாவையும் திறந்து, கைகளை நீட்டிவிட்டிருந்தேன்.

இப்போது அந்தக் கம்பெனி அங்கே இல்லை. வேறு இடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டிடம் ஏதோ கூரியர்காரர்களின் குடோனாகிவிட்டது. போன தீபாவளிக்கு பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பெண்கள் வரிசை நின்ற இடத்தில் லாரி நின்றிருந்தது. பிலோமினாக்கா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நசீமா கல்யாணமாகி மஸ்கட் போனாள். கொஞ்ச நாள் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து வந்தது. ஒரு நாள் அவள் எண்ணைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் எங்கே போனாலும், ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவேன் என்று சொல்கிறவர்கள் இப்போது யாருமில்லை. நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. கைகள் மட்டும் இன்னும் கேட்டிலேயே நிற்கின்றன.

நேற்று அதே கடைக்குத் திரும்பவும் போக வேண்டியிருந்தது. சட்டை ஒரு சைஸ் பெரிது. சைஸ் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவள் நான் என்று என் கணவர் வழியெல்லாம் கேலி செய்தார். மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். அதே காவலாளி. யாழினி பையைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் பில்லை மட்டும் நீட்டினேன். என் வலது கை பையின் ஜிப்புக்குப் போனதை நானே பார்த்தேன். அந்தக் கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, பை காட்டல?"

"கேட்டா காட்டலாம்."

அவள் காவலாளியை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள். அவர் பில்லில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

"அவரு கேக்கவே இல்லியேம்மா."

"இல்ல கண்ணு" என்றேன். யாருமே கேட்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை, பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை. இதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் எண்ணில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.